அவகாடோ பொடி வாங்கலாமா, பழமே வாங்கலாமா? புதுச்சேரி, கடலூர் சமையலறைக்கான கேள்வி பதில்

ஆன்லைனில் மட்டும் கிடைத்த அவகாடோ பொடி இப்போது புதுச்சேரியில் பெரிய மளிகைக் கடைகளிலும் தட்டுப்படுகிறது. பட்டர் ஃப்ரூட் என்று நாம் சொல்வதும் அவகாடோவைத்தான்; அதன் ஜூஸைக் குடித்துப் பழகிய நமக்கு அந்தப் பச்சை டப்பாவைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்புதான். பழம் வாங்கினால் ஒன்று கல்லு மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் வெட்டும்போதே உள்ளே கறுத்திருக்கிறது, பொடி என்றால் அந்தத் தொல்லையே இல்லையே என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொடியைப் பழத்துக்குப் பதிலாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மாவிலும் பாலிலும் கலக்கிற தனி மளிகைச் சாமான் என்று நினைத்து வாங்கினால் நன்றாகவே உதவும். மற்றதெல்லாம் கீழே.

பொடி என்று விற்கிறார்களே, அது உண்மையில் என்ன?

பழத்தின் சதையை எடுத்து அதிலுள்ள தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவதுதான் பொடி. நீக்குகிற முறையில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

ஒரு முறையில் சதையை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்து, ஐஸ் உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாகப் போகும்படி செய்கிறார்கள். உறை உலர்த்தல் என்று சொல்வது இதைத்தான். அதிகச் சூடு படாததால் நிறமும் மணமும் ஓரளவு தங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். இன்னொரு முறையில் கூழைச் சூடான காற்றுக்குள் பனித்துளி போலத் தெளித்து நொடியில் உலர்த்துகிறார்கள். பால் பவுடர் செய்கிற அதே முறைதான். ஆனால் அவகாடோவில் கொழுப்பு அதிகம், தனியாகத் தெளித்தால் பிசுபிசுவென்று இயந்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைச் சேர்த்துத் தெளிக்கிறார்கள். அதைச் சேர்ப்பது குற்றமில்லை, ஆனால் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் நாம் காசு கொடுப்பது பழத்துக்கு.

பாக்கெட்டுக்குள் இருப்பது பழம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் சத்து அட்டவணை இருக்கும். அதில் 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். பழச் சதை 100 கிராமில் சுமார் 73 கிராம் தண்ணீர், சுமார் 15 கிராம் கொழுப்பு. தண்ணீரை முழுக்க எடுத்தால் 27 கிராம்தான் மிஞ்சும், அந்த 27-இல் 15 கிராம் கொழுப்பு, அதாவது பாதிக்கு மேல். ஆகவே கலப்பில்லாத அவகாடோ பொடியில் 100 கிராமுக்கு 50 கிராம் ஒட்டிக் கொழுப்பு இருக்க வேண்டும். நம்மூர் நாட்டுப் பழத்தில் கொழுப்பு கொஞ்சம் குறைவு என்பதால் 40-க்குப் பக்கத்தில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். 20 என்று போட்டிருந்தால் டப்பாவில் பாதிக்கு மேல் வேறு ஏதோ இருக்கிறது, அல்லது எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சிய சக்கையை அரைத்திருக்கிறார்கள். 5 என்று இருந்தால் அதை அவகாடோ பொடி என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். நம் நாட்டில் எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ சர்க்கரையோ முதலில் இருந்து அவகாடோ பின்னால் வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், சில்லறையாகப் பிரித்துக் கட்டி விற்கிற பாக்கெட்டுகளில் அது இருக்காது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம். ஒரு சிட்டிகை பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேயுங்கள். பழம் அதிகமுள்ள பொடி தேய்க்கத் தேய்க்க உருண்டு, விரல் ரேகையில் எண்ணெய் மினுக்கும், முந்திரியை நசுக்கினால் வருகிற அந்த வழவழப்பு வரும். மாவுச்சத்து அதிகமுள்ளது பவுடர் மாதிரி வழுக்கிக்கொண்டு உதிரும், நாக்கில் வைத்தால் லேசாக இனித்துக் கரைந்து போகும். இன்னும் சந்தேகமா? பழுப்புத் தாளில் ஒரு ஸ்பூன் வைத்து மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் வடை வைத்த தாள் போல எண்ணெய்க் கறை தெரிந்தால் நல்லது. நிறத்தைப் பொறுத்தவரை வெளிறிய மஞ்சள் கலந்த பச்சைதான் இயல்பு. கிளிப்பச்சையாகப் பளிச்சென்று இருந்தால் நிறமி சேர்த்திருக்கிறார்களா என்று பட்டியலில் தேடுங்கள்.

ஒரு பழத்துக்கு எவ்வளவு பொடி?

எடைக் கணக்கு சுலபம். 25 கிராம் பொடியில் 70 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 100 கிராம் மசித்த பழம். ஸ்பூன் கணக்கு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஒன்று நைசாக இருக்கும், இன்னொன்று பொறுபொறுவென்று இருக்கும். அதனால் ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீரில் ஆரம்பித்து, பத்து நிமிடம் ஊற விட்டு, வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் சேருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதி தண்ணீர் வேண்டாம். தண்ணீரைப் பொடியின் மேல் ஒரேயடியாகக் கொட்டாமல், ராகி மாவு கரைப்பது போல முதலில் கொஞ்சமாக விட்டுக் குழைத்து அப்புறம் தளர்த்தினால் கட்டி தட்டாது.

விலையில் எது கட்டுப்படி ஆகும்?

பழத்தின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் ரூபாயாகச் சொல்லாமல் கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன். கொட்டையும் தோலும் சேர்ந்து பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். ஆக 300 கிராம் பழத்தில் 200 கிராம் சதை, அதைக் காய வைத்தால் 55 கிராம் பொடி. திருப்பிப் போட்டுப் பார்த்தால் 100 கிராம் சுத்தமான பொடி என்பது சுமார் 550 கிராம் முழுப் பழத்துக்குச் சமம்.

கடைக்குப் போகும்போது இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ சொச்சம் பழத்தின் விலையும் 100 கிராம் பொடியின் விலையும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். நம் மலைகளில் விளையும் அவகாடோ வரும் மாதங்களில் பழம்தான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டி வருகிற பழத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் குறையும். ஆனால் வாங்கிய பழத்தில் இரண்டுக்கு ஒன்று அழுகிப் போகிற வீடு என்றால் கணக்கே மாறிவிடும், வீணாகாமல் பயன்படுவதும் ஒரு மலிவுதான்.

சட்னி, பச்சடி, சாலட் எல்லாம் பொடியில் வருமா?

வராது. இதில் நான் சமரசம் செய்துகொள்ளத் தயாராக இல்லை.

பழத்தை நாம் விரும்புவதே அந்த வெண்ணெய்ப் பதத்துக்காகத்தான். உலர்த்தி அரைத்த பிறகு அந்தச் சதையின் கட்டமைப்பே உடைந்துவிடுகிறது. தண்ணீர் சேர்த்தால் கூழ் வரும், துண்டு வராது, நாக்கில் மெல்ல இளகுகிற அந்தச் சுகம் வராது. கொஞ்சம் காய்ந்த புல் வாசனையும் சேர்ந்தே வரும்.

தோசைக்கு ஒரு சட்னி சொல்கிறேன், பழத்தில் மட்டும் செய்யுங்கள். நன்றாகப் பழுத்த ஒரு பழத்தின் சதையை முள்கரண்டியாலோ மத்தாலோ கொஞ்சம் கொரகொரப்பாக மசியுங்கள். இரண்டு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்பு மூன்றையும் தனியாக அரைத்து அதில் சேர்த்து, அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, சூடு ஆறிய பிறகுதான் மேலே கொட்ட வேண்டும். பழத்தையே மிக்ஸியில் போட்டு ஓட்டினால் காற்று புகுந்து சீக்கிரம் கறுக்கும், பதமும் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். சின்ன வெங்காயம் பொடியாக அரிந்து போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

சப்பாத்திக்கும் தோசைக்கும்?

பொடியின் ராஜ்ஜியமே சப்பாத்திதான். இரண்டு கப் கோதுமை மாவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பொடி, உப்பு, கொஞ்சம் ஓமம் சேர்த்துப் பிசையுங்கள். அதிலேயே கொழுப்பு இருப்பதால் எண்ணெய் தனியாக விட வேண்டாம். பொடி தண்ணீரை இழுக்கும் என்பதால் வழக்கத்தைவிட ஓரிரு ஸ்பூன் தண்ணீர் அதிகம் கேட்கும், அரை மணி நேரம் மாவை மூடி வைத்தால் மிருதுவாகிவிடும். காலையில் டப்பாவில் கட்டிக் கொடுத்தது மத்தியானம் வரை வறண்டு போகாமல் இருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

பழத்திலும் செய்யலாம். அரைப் பழத்தை மசித்து மாவில் போட்டு முதலில் அந்த ஈரத்திலேயே பிசறி, அப்புறம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மாவை மறுநாளைக்கு வைக்க முடியாது, கறுத்துவிடும்.

தோசை மாவில் கலப்பதாக இருந்தால் அன்றைக்கு ஊற்றப் போகிற மாவை மட்டும் தனியாக எடுத்துக் கலக்குங்கள்.

பட்டர் ஃப்ரூட் ஜூஸ், மில்க்‌ஷேக்?

பொடி தாராளமாகப் போதும். ஒரு டம்ளர் குளிர்ந்த பாலுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் பொடி, தேனோ நாட்டுச் சர்க்கரையோ விருப்பம்போல, மிக்ஸியில் ஒரு நிமிடம். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கெட்டியாகும். பாதி வாழைப்பழம் சேர்த்தால் பொடியின் அந்தப் புல் வாசனை அடங்கிவிடும். சீசனில் பழம் போட்டு அடித்ததற்கு ஈடாகாதுதான், ஆனால் மார்கழியிலும் மாசியிலும் திடீரென்று பிள்ளைகள் கேட்டால் கைகொடுக்கும்.

குருமாவில் சேர்க்கலாமா? கசக்கும் என்கிறார்களே?

கசக்கும் என்பது உண்மை. அவகாடோவை அதிக நேரம் சூடாக்கினால் ஒரு கசப்பு வரும், பழத்துக்கும் பொடிக்கும் இது பொது. அதனால் அடுப்பில் கொதிக்கும்போது போடவே கூடாது. குருமாவை இறக்கி, கொதி அடங்கிய பிறகு, கரைத்து வைத்த பொடியைச் சேர்த்துக் கலக்கி உடனே பரிமாறுங்கள். சூப்புக்கும் இதே வழிதான். மறுபடி சூடு பண்ணுகிற மாதிரி நிறையச் செய்து வைக்காதீர்கள். சப்பாத்தி கல்லில் ஒன்றிரண்டு நிமிடம்தான் இருக்கிறது, அதனால் அதில் கசப்பு தெரிவதில்லை. கேக்கில் கொக்கோ சேர்த்தால் மறைந்துவிடும், வெறும் வெனிலா கேக்கில் கொஞ்சம் தெரியும்.

இறாலோடு சாப்பிடுகிறார்களே, அது எப்படி?

பிரான்சில் அவகாடோவை இரண்டாகப் பிளந்து, கொட்டை இருந்த குழியில் வேகவைத்த இறாலை வைத்துப் பரிமாறுவது பழைய வழக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கமும் புதுச்சேரியிலும் நல்ல இறால் கிடைக்கிற நமக்கு இதைவிட எளிய விருந்து சாப்பாடு இல்லை. இறாலை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து ஆற விட்டு, மிளகுத்தூள், எலுமிச்சை, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசறிக் குழியில் நிரப்புங்கள். பழம் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும், குழைந்த பழம் சரிந்துவிடும். பொடிக்கு இங்கே வேலையே இல்லை.

சத்து குறைந்து போகாதா?

நார்ச்சத்து, கொழுப்பு, பொட்டாசியம் இவையெல்லாம் பொடியிலும் இருக்கும். வைட்டமின் சி போன்ற சூடு தாங்காதவைதான் முறைக்கேற்பக் குறையும், உறை உலர்த்தலில் கொஞ்சமாகவும் சூடான காற்று முறையில் அதிகமாகவும். அவகாடோவை நாம் வைட்டமின் சி-க்காகச் சாப்பிடுவதில்லை, அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. இதன் பெருமை அதிலுள்ள ஒலிக் அமிலம் நிறைந்த கொழுப்பிலும், 100 கிராமுக்கு ஏழு கிராமை நெருங்கும் நார்ச்சத்திலும்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழம் 100 கிராமில் 160 கலோரி. சுத்தமான பொடி 100 கிராமில் கிட்டத்தட்ட 600. எடை குறைக்கிறேன் என்று ஸ்பூன் ஸ்பூனாக எல்லாவற்றிலும் தூவுகிறவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. பழம் வயிற்றை நிரப்பும், போதும் என்று அதுவே சொல்லிவிடும். பொடி அப்படிச் சொல்லாது.

சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை... இவர்களெல்லாம் சாப்பிடலாமா?

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பழம் நல்ல தேர்வு, அதில் சர்க்கரை 100 கிராமுக்கு ஒரு கிராம்கூடக் கிடையாது. பொடி என்றால் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அது லேசாகத்தான் இனித்தாலும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் இரண்டிலுமே கவனம் வேண்டும். பழத்தில் 100 கிராமுக்கு 485 மில்லிகிராம், வாழைப்பழத்தைவிட அதிகம். பொடியில் அது மூன்றரை மடங்குக்கு மேல் செறிவாகிறது, பார்க்கத்தான் கொஞ்சமாகத் தெரியும். வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தினமும் சாப்பிடத் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவகாடோ அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிப்பு வருகிறவர்களுக்கும் அவகாடோ ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு, வாழைப்பழமும் கிவியும்கூட அந்த வரிசையில்தான் வரும்.

ஆறு மாதக் குழந்தைக்குப் பொடியைக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பழத்தையே மசித்துக் கொடுங்கள். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், சமைக்கவும் வேண்டாம், தாய்ப்பாலில் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தாலே போதும். ஒவ்வாமை தெரிய வேண்டும் என்பதால் முதல் இரண்டு மூன்று நாள் வேறு புது உணவு சேர்க்காதீர்கள். அரைப் பழத்தைக் குழந்தைக்கு எடுத்துக்கொண்டு மீதியில் பெரியவர்கள் சட்னி செய்துகொள்ளலாம். சேர்மானம் சரியாகத் தெரியாத பொடியைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நம்ம ஊர் ஈரக்காற்றில் பொடி தாங்குமா?

இதுதான் நம் ஊருக்கே உரிய பிரச்சினை. கடற்கரை ஊரில் உப்பே கசிகிறது, அவகாடோ பொடி எம்மாத்திரம்? திறந்த டப்பா ஐப்பசி, கார்த்திகை மழையில் சீக்கிரமே கட்டி தட்டிவிடும். கட்டியைக்கூட உதிர்த்துக்கொள்ளலாம், பெரிய எதிரி காறல். பாதிக்கு மேல் கொழுப்புள்ள பொடி காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், பழைய எண்ணெயும் பெயின்ட்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. அது வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், வறுத்தாலும் காய வைத்தாலும் திரும்பாது.

அதனால் பெரிய பாக்கெட் வாங்காதீர்கள், 100 கிராம் போதும். பிரித்ததும் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் நிரம்ப நிரம்பப் போட்டு, காற்று புக இடமில்லாமல் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பாட்டில் மட்டும் புழக்கத்தில் இருக்கட்டும், மற்றவை ஃப்ரீசரில் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். ஜில்லென்ற பாட்டிலை நம் காற்றில் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் திறங்கள். ஸ்பூன் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம், மசாலா டப்பாக்களோடு அங்கேதான் பலரும் வைக்கிறார்கள்.

பழம் எப்போது வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது?

நமக்கு வருகிற உள்ளூர்ப் பழம் கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, அப்புறம் ஏற்காடு, நீலகிரி, குடகு, வயநாடு மலைகளில் விளைகிறது. தடியன்குடிசையிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை நல்ல வரத்து இருக்கும். புதுச்சேரி நேரு வீதி பெரிய மார்க்கெட்டிலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும் அப்போது கேட்டுப் பாருங்கள். மலைத் தோட்டங்களில் கொட்டை போட்டு முளைத்த மரங்கள் அதிகம் என்பதால் ஒரு பழம் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று வெண்ணெயாக இருக்கும், ஒன்று நார் ஓடி நீர்த்திருக்கும். நல்ல பழம் வைத்திருக்கும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

பச்சைத் தோல் நாட்டுப் பழம் பழுத்தாலும் பச்சையாகவே இருப்பதுண்டு, நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஹாஸ் என்கிற சொரசொரத் தோல் பழம்தான் பழுக்கும்போது கறுக்கும். இரண்டுக்கும் பொதுவான வழி, உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துவது. லேசாக நெகிழ்ந்தால் இன்றைக்கே சாப்பிடலாம். விரல் நுனியால் குத்திப் பார்க்காதீர்கள், குத்திய இடம் உள்ளே கறுத்துவிடும், அடுத்து வாங்குகிறவர் பாவம். குலுக்கினால் கொட்டை ஆடுகிற நாட்டுப் பழம் பெரும்பாலும் பழுத்திருக்கும்.

அவகாடோ மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். கல்லாக இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள், அல்லது அரிசி டப்பாவில் புதையுங்கள், இரண்டு நாலு நாளில் இளகும். காயாக இருக்கும்போதே ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காமல் உள்ளே கறுத்துப் போகும், பழுத்த பிறகு வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வேறுவேறு பதத்தில் மூன்று பழம் வாங்குங்கள், ஒரே நாளில் எல்லாம் பழுத்து வீணாகாது.

வெட்டிய பாதிப் பழம் கறுக்கிறதே, தண்ணீரில் போட்டு வைக்கலாமா?

தண்ணீரில் வேண்டவே வேண்டாம். இணையத்தில் அது பரவியபோது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2022-இல் எச்சரித்தது, தோலில் இருக்கும் லிஸ்டீரியா, சால்மோனெல்லா கிருமிகள் தண்ணீரில் பெருகி சதைக்குள்ளும் இறங்கலாம் என்று. கறுப்பதற்குக் காரணம் சதையில் உள்ள நொதி காற்றோடு சேர்வதுதான், கத்தரிக்காய் கறுப்பதும் இப்படித்தான். கொட்டையோடு இருக்கும் பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி, காற்றுப் படாமல் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே கறுத்திருந்தால் சீவி எடுத்துவிட்டுச் சாப்பிடலாம். வெட்டும் முன் தோலைக் கழுவுவதும் இதே காரணத்துக்காகத்தான். கொட்டையை எடுக்க உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் கொத்தாதீர்கள், ஸ்பூனால் நெம்பினால் வந்துவிடும்.

சீசனில் மலிவாக வாங்கி வீட்டிலேயே காய வைத்துப் பொடி செய்துவிடலாமே?

வடாம், வற்றல் போட்டுப் பழகிய நமக்கு இந்த எண்ணம் வரத்தான் செய்யும். அவகாடோவுக்கு வெயில் ஒத்து வராது. காய்வதற்கு முன்பே கறுக்கும், கொழுப்பு வெயிலில் காறிவிடும், அரைத்தால் பொடியாகாமல் மிக்ஸி அடியில் அப்பிக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக உறைய வையுங்கள். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று மனசார விரும்புகிறேன், பொடி வாங்கும் தேவையே பாதி குறைந்துவிடும். நன்றாகப் பழுத்த பழங்களை மசித்து, பழத்துக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஐஸ் தட்டில் போட்டு உறைந்ததும் கட்டிகளைப் பையில் மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் வைத்துவிட்டால் மூன்று நாலு மாதம் வரும். ஆவணியில் போட்டு வைத்தது கார்த்திகை வரை வரும். மில்க்‌ஷேக்குக்கு உருக வைக்காமல் அப்படியே போடலாம், சப்பாத்திக்கு உருகிய பிறகு பிசையலாம். சாலட்டுக்கு மட்டும் ஆகாது. அடிக்கடி கரண்ட் போய் ஃப்ரீசர் உருகி உருகி உறைகிற வீடு என்றால் கொஞ்சமாகப் போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

பழமும் இல்லை, நல்ல பொடியும் இல்லை, வேறு என்ன போடலாம்?

பக்கத்தில் பண்ருட்டி இருக்கும்போது கவலை எதற்கு? சப்பாத்தி மாவிலும் குருமாவிலும் மில்க்‌ஷேக்கிலும் ஊறவைத்து அரைத்த முந்திரி அந்தக் கொழகொழப்பைக் கொடுத்துவிடும், சூடு பட்டாலும் கசக்காது என்பது கூடுதல் லாபம். உடைந்த முந்திரி வாங்கினால் விலையும் குறைவு. நார்ச்சத்து மட்டும் அவகாடோ அளவுக்கு வராது. குருமாவைப் பொறுத்தவரை நான் எப்போதும் முந்திரிப் பக்கம்தான்.

அவகாடோ கொட்டைப் பொடி என்று ஒன்று விற்கிறார்களே?

அது வேறு சாமான், சதைப் பொடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கொட்டையை உணவாகச் சாப்பிடுவது பாதுகாப்பு என்று சொல்லப் போதுமான ஆய்வு இல்லை, கலிபோர்னியா அவகாடோ விவசாயிகளின் ஆணையமே அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் கொட்டையைக் காய வைத்து அரைத்துக் குடிக்கிறவர்களும் நிறுத்திக்கொள்வது நல்லது.

தோலையும் கொட்டையையும் ஆட்டுக்கோ கோழிக்கோ போடலாமா?

போடக் கூடாது. அவகாடோவின் இலை, தோல், கொட்டை எல்லாவற்றிலும் பெர்சின் என்ற நச்சு இருக்கிறது. மனிதர்களுக்குப் பழத்தால் கெடுதல் இல்லை, ஆனால் ஆடு, மாடு, குதிரை, முயலுக்கு அது ஆபத்து, பறவைகளுக்கு இன்னும் அதிகம். கூண்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்க்கிறவர்கள் பழச் சதையைக்கூட, பொடி கலந்த சப்பாத்தியைக்கூடக் கொடுக்காதீர்கள். வாசலில் வைத்தால் தெரு மாடு தின்றுவிடும், அதனால் குப்பையில் போடும்போது கட்டிப் போடுங்கள், அல்லது உரக்குழியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கொட்டை சீக்கிரம் மக்காது, சுத்தியலால் உடைத்துப் போட்டால் மக்கும்.